விரல்நுனியும் விளையாட்டும்: மாத்தளையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளை மாவட்டத்து ஹபுவிடக் கிராமம் அரக்கு வேலைக்குப் பெயர்பெற்றது. தணலில் இளக்கிய அரக்கை மெல்லிய இழையாக நீட்டி, மரத்தின்மீது பொருத்தி, பெருவிரல் நகத்தால் அழுத்தித் துண்டித்து உருவமைப்பது அவ்வூர்க் கைவினைஞரின் முறையாகும். நகத்தையே கருவியாகக் கொள்ளும் இவ்வேலையை ஆனந்த குமாரசுவாமி 1908 ஆம் ஆண்டில் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விவரித்துள்ளார். அரக்கு எப்பொழுது இளகியது, எப்பொழுது இறுகியது என்பதை அறிவது விரல். அதனை அழுத்துவதும் அதே விரல். அறிதலும் செய்தலும் இங்கு ஒன்றாகவே நிகழ்கின்றன. தொடுகையையும் அதிர்வையும் கொண்டு கைத்தொலைபேசி விளையாட்டுகளை அமைக்க முயலும் இக்காலத்தவர் தேடுவதும் இவ்வொருமையையேயாம்.

இவ்வொருமை விளையாட்டிலும் பழையது. சிங்கள மக்கள் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் குன்றிமணிகளைக் கொண்டு ஆடும் 'ஒலிந்த கெலிய'வும் தமிழர் ஆடும் பல்லாங்குழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் 1909 இல் வெளிவந்த தமது பண்டைய இலங்கை பற்றிய நூலில் ஒலிந்த ஆட்டத்தையும் பதிவு செய்துள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் மன்னாரில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தனர். பல்லாங்குழியோ அவ்வாறு நடப்பவர்க்கும் சுமையாகாத ஆட்டம். பலகை இல்லையெனின் நிலத்தில் பதினான்கு குழி தோண்டினால் போதும், புளியங்கொட்டை எங்கும் கிடைக்கும்.

பல்லாங்குழியில் கை செய்யும் தொழில் கூர்ந்து நோக்கற்பாலது. ஒரு குழியிலுள்ள காய்களை அள்ளி, குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்வர். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வர். அக்குழி வெறுமையாயின், அதனை விரலால் துடைத்து, அதற்கடுத்த குழியிலுள்ளவற்றை எடுத்துக்கொள்வர். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு'. குழிக்குரியவர் அதனை எடுப்பார். கைக்குள் எஞ்சிய காய் எத்தனை, குழியில் விழுந்தவை எத்தனை, எக்குழி வெறுமை என்பனவெல்லாம் விரல் அறியக்கூடியவை. கண்பார்வை அற்றவரும் இதனை ஆடலாம் என்பது பின்னர் இணைத்த சலுகையன்று. ஆட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது.

மின்னணு விளையாட்டு இதற்கு எதிர்த்திசையில், கண்ணையே நம்பித் தொடங்கியது. 1976 இல் சேகா நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் ஆட்டப்பொறியில், மோதல் நேரும்போது கைபிடி அதிர்ந்தது. 1997 இல் நின்டெண்டோ தனது கைக்கருவியுடன் பொருத்தும் அதிர்வுப் பொதியை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே நோக்கியா தொலைபேசியில் பாம்பு விளையாட்டு வந்தது. அன்றைய தொலைபேசியில் பொத்தான்கள் இருந்தன. பலவற்றில் 5 ஆம் இலக்கத்தின்மீது சிறு புடைப்பும் இருந்தது. பெருவிரல் அதனைத் தடவித் தன் இடத்தை அறிந்துகொண்டது. 2007 இல் ஐபோன் வந்தபின் பொத்தான்கள் மறைந்து, வழுவழுப்பான கண்ணாடியே எஞ்சியது. தொடுதிரை என்று பெயர். ஆயின் தொட்டு அறிவதற்கு அதில் ஒன்றுமில்லை!

அவ்விழப்பை ஈடுசெய்யவே அதிர்வு நாடப்பட்டது. இதற்கு உடலியல் நியாயமும் உண்டு. அசையாத விரல் சொரசொரப்பை நன்கு அறியாது. நகரும் விரலில் எழும் நுண்ணதிர்வே அதனை உணர்த்துகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் டேவிட் காட்ஸ் 1925 இல் எடுத்துக்காட்டினார். வினாடிக்கு ஏறத்தாழ 250 முறை நிகழும் அதிர்வைத் தோல் மிக நுட்பமாக உணர்கிறது. ஆனால், ஒருபுறம் கனத்த எடையைச் சுழற்றும் பழைய மோட்டார் வேகங்கொள்ளவும் ஓயவும் நேரம் எடுத்தது. அதனால் மெல்லிய தட்டலும் பெருங்குலுக்கலும் வேறுபாடின்றி ஒரே உறுமலாயின. எடையை முன்னும் பின்னும் அசைக்கும் நேர்கோட்டுப் பொறி 2015 இல் ஐபோனில் இடம்பெற்றபின், ஒரு கணத்தில் தொடங்கி ஒரு கணத்தில் நிற்கும் தட்டல் எளிதாயிற்று.

இருந்தும், பொறி நுட்பமான அளவுக்கு விளையாட்டு நுட்பமாகவில்லை. வெற்றிக்கொரு குலுக்கல், வெடிப்புக்கொரு குலுக்கல் என அதிர்வு பெரும்பாலும் கைதட்டலாகவே பயன்படுகிறது. கண் முன்பே கண்டதை விரலுக்குத் திரும்பச் சொல்வதனால் ஆடுபவர் புதிதாக எதனையும் அறிவதில்லை. மின்கலம் வீணாவதே மிச்சம். அதிர்வை நிறுத்திவிட்டாலும் அத்தகைய ஆட்டம் குறைவின்றி நடைபெறும்.

பல்லாங்குழியைக் கைத்தொலைபேசிக்கு மாற்றுபவர் குழிகளின் வண்ணத்தில் தொடங்க வேண்டியதில்லை. விரல் ஒரு குழிமீது படும்போது அதிலுள்ள காய்களின் எண்ணிக்கைக்கேற்பக் குறுந்தட்டல்கள் எழலாம். நான்காவது காய் விழும்போது மட்டும் நீண்டதோர் அதிர்வு 'பசு'வை அறிவிக்கலாம். வெற்றுக்குழிக்கு ஒன்றும் வேண்டா. துடைக்கும் விரலுக்கு அந்த அமைதியே விடை.