நியூரான்

நரம்பு மண்டலத்தின் அடிப்படைச் செல்லுக்கு நியூரான் என்று 1891இல் பெயர் சூட்டியவர் பெர்லின் உடற்கூறியல் பேராசிரியர் வில்ஹெல்ம் வால்டையர். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்குத் தசைநாண், வில்லின் நாண், இசைக்கருவியின் தந்தி என்றெல்லாம் பொருள் உண்டு. தமிழிலும் யாழின் தந்தி நரம்புதான்! இரு மொழிகளும் ஒரே வழியில் நடந்திருப்பது வியப்புக்குரியது.

வால்டையர் அந்தச் செல்லைக் கண்டுபிடித்தவர் அல்ல. இத்தாலியின் கோல்கி 1873இல் வெள்ளி நைட்ரேட்டால் நரம்புத் திசுவுக்குச் சாயமேற்றும் முறையை வகுத்தார். ஸ்பெயினின் கஹால் அதே முறையைக் கொண்டு, நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிய வலையல்ல, தனித்தனியானவை என்று காட்டினார். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு; பரிசு உரையிலும் கோல்கி வலைக் கொள்கையை விடவில்லை.

வால்டையர் 1888இலேயே இன்னொரு பெயரைத் தந்திருந்தார்: குரோமோசோம். சாயத்தை நன்றாகப் பிடிப்பதால் ‘நிறம்’, ‘உடல்’ என்னும் கிரேக்கச் சொற்களை இணைத்தார். இலங்கைப் பாடநூல்களின் ‘நிறமூர்த்தம்’ அதன் நேர் வடிவம். ஜீன்கள் அமைந்திருப்பது குரோமோசோம்களில்.

செல் பிரியும்போதுதான் குரோமோசோம்கள் தடித்த கோல்களாகத் தெரியும். முதிர்ந்த நியூரான் பிரிவதில்லை என்பதால், மனித நியூரானின் 46 குரோமோசோம்களும் விரிந்த இழைகளாகவே இருந்து வேலை செய்கின்றன.