காற்றுத் துவக்கும் கடலூரில் மறைந்த அறிஞரும்

அமெரிக்காவின் குறொஸ்மன் நிறுவனம் 1966 ஆம் ஆண்டில் 760 என்னும் காற்றுத் துவக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சுடுகுழலின் கீழுள்ள பிடியை மூன்று முதல் பத்துத் தடவை வரை அடித்துக் காற்றை அமுக்கிய பின் சுடவேண்டும். விலையும் மலிவு. இத்தகைய துவக்குகளின் பெட்டிகளில் வேகம் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவதுண்டு. அந்த எண் மெய்தானா என்று அறிவது எங்ஙனம்?

இன்று அதற்கு இலத்திரனியல் வேகமானி உண்டு. செக்கனுக்கு 180 மீற்றர் வேகத்தில் பாயும் சன்னம், 30 சென்ரிமீற்றர் இடைவெளியிலுள்ள இரு ஒளியுணரிகளை 600 இல் ஒரு பங்கு செக்கனில் கடந்துவிடும். கருவி அந்த நேரத்தைக் கணிக்கிறது.

ஆனால் செக்கனைப் பகுத்தளக்கும் கருவி இல்லாத காலத்திலேயே இதனைச் சாதித்தவர் பெஞ்சமின் றொபின்ஸ். இங்கிலாந்தின் பாத் நகரில் 1707 இல் பிறந்த கணித அறிஞர். 1742 இல் வெளிவந்த தமது நூலில் அவர் விளக்கிய வழி மிக எளிது. கனமான ஊசலைத் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுடவேண்டும். ஊசல் பின்வாங்கும் தூரத்தை ஒரு நாடா காட்டும். இரண்டின் பாரமும் தெரிந்தால் குண்டின் வேகம் கணக்கில் வந்துவிடும். காற்றின் தடை அதுவரை எண்ணியதைவிட மிகப் பெரிது என்பதும் இதனால் வெளிப்பட்டது. மாபெரும் கணித மேதை ஒய்லர் 1745 இல் இந்நூலை விரிவான குறிப்புகளுடன் ஜேர்மன் மொழிக்குக் கொண்டுசென்றார்.

மலிவுத் துவக்குக்கும் இம்முறை பொருந்தும். ஒரு மீற்றர் நூலில் ஒரு கிலோ மரக்கட்டையைத் தொங்கவிடுங்கள். அரைக் கிராம் சன்னம் 180 மீற்றர் வேகத்தில் அதில் புதைந்தால் கட்டை ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் விலகும். பத்து அடிக்கு ஐந்து அடியைவிட இருமடங்கு வேகம் கிடைக்கும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். வேகம் இரட்டிக்கச் சக்தி நான்கு மடங்காக வேண்டும். அமுக்கும் காற்றோ வெப்பமாகவும் சக்தியை இழக்கிறது.

வேகம் வேறு, குறி வேறு. ஐந்து சன்னங்களை ஒரே தாளில் சுட்டு, மிகத் தொலைவிலுள்ள இரு துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே அளந்து பாருங்கள். பெட்டியில் அச்சிடாத உண்மை அங்கே தெரியும். இதிலும் றொபின்ஸே முன்னோடி. இடப்புறமாக வளைத்த குழலிலிருந்து சுட்ட குண்டு, முதலில் இடப்புறம் சென்று பின் வலப்புறம் திரும்பியதைத் தாள் திரைகளில் துளையிட்டுக் காட்டினார். சுழற்சியே காரணம் என்றார். அந்த விளைவு நூறாண்டுக்குப் பின் ஆராய்ந்த மக்னஸின் பெயரால் இன்று வழங்குவது நீதியன்று என்பது எனது எண்ணம். புரியிட்ட குழலை முதலில் முழுமையாகக் கைக்கொள்ளும் நாடு போரில் மேலோங்கும் என்று 1747 இலேயே எழுதியவரும் அவரே.

இம்மனிதரின் இறுதி நாட்கள் தமிழ் மண்ணில் கழிந்தன. சென்னையை 1746 இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய பின், கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமையகம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டைக்கு மாறியிருந்தது. கோட்டைகளைச் சீர்செய்யத் தலைமைப் பொறியியலாளராக 1750 இல் வந்த றொபின்ஸ், சென்னைக்கும் டேவிட் கோட்டைக்கும் திட்டங்கள் வகுத்தார். அவை கற்சுவராக எழுவதை அவர் காணவில்லை. 1751 யூலை 29 அன்று, அதே டேவிட் கோட்டையில் காய்ச்சலுக்குப் பலியானார்.