கல்லாப்பெட்டிக்குத் தெரியாத கணக்கு

பி.காம். படித்த காலத்தில் புள்ளியியல் வாத்தியார் சொன்ன ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ‘சராசரியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே!’ அன்றைக்கு அது மண்டையில் ஏறவில்லை. யூ டியூபின் கதையைப் படித்தபோதுதான் ஏறியது.

2005-க்கு முன்னால் இன்டர்நெட்டில் வீடியோ பார்த்த அனுபவம் உங்களுக்கு உண்டா? ரியல் ப்ளேயர் வேண்டும் என்று ஒரு தளம் சொல்லும். விண்டோஸ் மீடியா ப்ளேயர் என்று இன்னொன்று. குவிக்டைம் என்று மூன்றாவது. அத்தனையும் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தால், ‘உங்களிடம் இருப்பது 56 கே மோடமா, பிராட்பேண்டா?’ என்று கேள்வி வரும். படம் பார்க்க வந்தவனுக்குப் பரீட்சை வைத்தார்கள்.

பேபால் நிறுவனத்தில் வேலை பார்த்த மூன்று பேர், சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவேத் கரீம், அந்தப் பரீட்சையையே தூக்கிப் போட்டார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு. அகலத்தில் 320 புள்ளிகள், உயரத்தில் 240. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் ஏற்கெனவே குடியிருந்த ஃப்ளாஷ் ப்ளேயரிலேயே ஓடும். 2005 ஏப்ரல் 23-ல் ஏறிய முதல் வீடியோ வெறும் 19 விநாடி. மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்றபடி கரீம் ஏதோ பேசுகிறார். படம் மங்கல்தான். ஆனால் ஓடியது! அடுத்த வருஷமே 165 கோடி டாலருக்கு கூகுள் அந்தக் கடையை வாங்கிக்கொண்டது.

மங்கலான படத்தில் என்ன லாபம் என்கிறீர்களா? கொஞ்சம் பெருக்கிப் பாருங்கள். 320-ஐ 240-ஆல் பெருக்கினால் 76,800 புள்ளிகள். 2008 டிசம்பர் வாக்கில் யூ டியூபுக்கு வந்த 720 தரத்தில் 9,21,600. அதாவது 12 மடங்கு. 2009 நவம்பரில் வந்த 1080-ல் 20,73,600. 27 மடங்கு! வீடியோ என்பது மடித்துச் சுருட்டி அனுப்பப்படும் பாய் மாதிரி. அதை விநாடிக்கு 25, 30 தடவை விரித்துக் காட்டவேண்டிய வேலை உங்கள் கம்ப்யூட்டருடையது. பழைய மெஷின் என்ன செய்யும் பாவம்? உள்ளே ஃபேன் இரையும். குரல் முன்னே போகும், உதடு பின்னே வரும்.

அந்த நாளில் யூ டியூப் ஒரு வசதி கொடுத்தது. ‘என் இணைப்பு மெதுவானது, உயர்தர வீடியோ வேண்டாம்’ என்று செட்டிங்கில் சொல்லிவைக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் கேள்வியைக் கவனியுங்கள். கேட்டது இணைப்பைப் பற்றி. மேஜைமேல் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி அல்ல. தவிர, நம்மில் எத்தனை பேர் செட்டிங் பக்கம் எட்டிப் பார்க்கிறோம்? யாரும் எதையும் தொடாதபோது எது ஓடுகிறதோ, அதுதான் கோடிக்கணக்கான பேருக்குச் சட்டம்.

இப்போது சராசரி விஷயத்துக்கு வருவோம். 2009 வாக்கில் யூ டியூபின் வீடியோ பக்கம் ரொம்பவே குண்டாகிவிட்டிருந்தது. வீடியோவை விடுங்கள், அதைச் சுற்றியுள்ள அலங்காரமே 1.2 எம்.பி. அங்கிருந்த ஓர் இன்ஜினீயர் அதை இளைக்க வைத்தார். எடை 98 கே.பி. ஆனது. ஃபெதர், அதாவது இறகு என்று பெயர் வைத்தார்கள். கொஞ்சம் பேருக்குக் கொடுத்துச் சோதித்தார்கள்.

முடிவு? பக்கம் திறக்க ஆகும் சராசரி நேரம் கூடிவிட்டது!

மனுஷர் நொந்துபோனார். பிறகு ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா என்று அதுவரை எட்டிப் பார்க்காத இடங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்திருந்தார்கள். பழைய பக்கம் அவர்களுக்குத் திறக்க 20 நிமிஷத்துக்கு மேல் ஆகும். யார் காத்திருப்பார்கள்? புதிய பக்கம் இரண்டு நிமிஷத்தில் படத்தைக் காட்டியது. வந்துவிட்டார்கள். அந்த இரண்டு நிமிஷங்கள்தான் சராசரியைத் தூக்கிவிட்டன. 2012-ல் அந்த இன்ஜினீயரே இதை எழுதியிருக்கிறார்.

அதாவது, கணக்கு கெட்டதாகத் தெரிந்ததே வெற்றியின் அடையாளம். அதற்கு முன் இருந்த அழகான சராசரியில் அந்த ஜனங்கள் இல்லவே இல்லை. வணிகவியல் படித்தவனாக ஒன்று சொல்கிறேன். கடைக்குள் வந்தவன் என்ன வாங்கினான் என்று கல்லாப்பெட்டி சொல்லும். படியேற முடியாமல் திரும்பிப் போனவனுக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் கிடையாது.

2020 மார்ச்சில் கொரோனாவால் உலகமே வீட்டுக்குள் முடங்கியது. இணைப்புகள் தாங்காதோ என்ற பயம். யூ டியூப் முதலில் ஐரோப்பாவிலும் பிறகு உலகம் முழுக்கவும் தானாக ஓடும் தரத்தைச் சாதாரண அளவுக்கு இறக்கியது. வேண்டுமென்றவர்கள் கையால் ஏற்றிக்கொள்ளலாம். இந்தியாவிலும் வீடியோ நிறுவனங்கள் கூடிப் பேசி, செல்போன் இணைப்புகளில் ஏப்ரல் 14 வரை 480-க்கு மேல் போவதில்லை என்று ஒப்புக்கொண்டன. வேகமானவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் எல்லோருக்கும் பாதை கிடைக்கும் என்பதுதான் அங்கேயும் கணக்கு.

இப்போதெல்லாம் ‘ஆட்டோ’ என்ற ஒற்றைச் சொல் நமக்காகத் தரத்தைத் தீர்மானித்துவிடுகிறது. வசதிதான். ஆனாலும் அடுத்த முறை உங்கள் கம்பெனியிலோ ஆபீஸிலோ ‘சராசரி பிரமாதம் சார்’ என்று யாராவது காகிதத்தை நீட்டினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

இதில் வராமல் போனவர்கள் எத்தனை பேர்?