பிழைத்தோரின் மனநலம்: எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை வரலாற்றில் ஒப்பீட்டின் பங்கு

முன்னுரை

ஒரு சிகிச்சையின் வெற்றியை எதனைக் கொண்டு அளப்பது என்னும் வினாவிற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையின் தொடக்கக் காலத்தில் உயிர் நிலைப்பதே வெற்றியாகக் கருதப்பட்டது. பிழைத்தவரின் மனநலம் பிற்காலத்திலேயே விரிவான ஆய்வுப்பொருளாயிற்று. அம்மனநலம் எவருடன் ஒப்பிடப்பட்டதோ அதற்கேற்பவே முடிவுகளும் அமைந்தன என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

உயிர் என்னும் அளவுகோல்

1957ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஈ. டொனால் தாமஸும் அவர்தம் குழுவினரும் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை செலுத்தியதைப் பதிவு செய்தனர். அவர்களுள் எவரும் நெடுநாள் வாழவில்லை. 1968இல் மினசோட்டாவில் இராபர்ட் குட் தலைமையிலான குழு, நோய் எதிர்ப்புத்திறனின்றிப் பிறந்த குழந்தைக்கு உடன்பிறந்தவரின் மஜ்ஜையைச் செலுத்தி வெற்றி கண்டது. கடுமையான இரத்தப் புற்றுநோயாளிகள் 100 பேருக்குச் செய்யப்பட்ட சிகிச்சையின் விளைவைத் தாமஸ் குழுவினர் 1977இல் வெளியிட்டபோது, 13 பேர் நோயின்றி வாழ்ந்துகொண்டிருந்தனர். இச்சிகிச்சைக்கு வழிவகுத்தமைக்காகத் தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

பிழைப்போர் மிகச் சிலராக இருந்த காலத்தில் அவர்தம் மனத்துயர் தனியொரு வினாவாக எழ வாய்ப்பில்லை. பிழைத்தோர் பெருகியபோதோ, நீங்காச் சோர்வு, மகப்பேறின்மை, நோய் மீளுமோ என்னும் அச்சம், கொடையாளரின் அணுக்கள் பெறுநரின் உடலைத் தாக்கும் நாள்பட்ட நோய் முதலியன அவர்களைப் பல்லாண்டுகள் தொடர்வது புலனாயிற்று.

நான்கு ஒப்பீடுகள்

முதலாவது, நோயாளியை அவரது முன்னைய நிலையுடனேயே ஒப்பிடுவது. கேரன் சிர்ஜாலா குழுவினர் சியாட்டிலில் 319 பேரைச் சிகிச்சைக்கு முன்பிருந்தே பின்தொடர்ந்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். உடல் முதலில் தேறியது. மனமும் பணிவாழ்வும் தேறக் கூடுதல் காலம் பிடித்தது. முன்பே சுற்றத்தாரின் துணை குறைந்திருந்தோரிடம் மனச்சோர்வு மிகுந்திருந்தது.

இரண்டாவது, நலமான பிறருடன் ஒப்பிடுவது. மைக்கேல் ஆண்ட்ரிகோவ்ஸ்கி குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடிந்து சராசரியாக ஏழாண்டுகள் கடந்த 662 பேர் இடம்பெற்றனர். உடல், மனம், சமூக உறவு ஆகியவற்றில் அவர்கள் பின்தங்கியிருந்தனர். எனினும் அகவளர்ச்சியையும் உறவுகளின் நெருக்கத்தையும் மிகுதியாக உணர்ந்தனர். துயரும் வளர்ச்சியும் ஒருவரிடமே ஒருங்கே இருக்கக்கூடும் என்பதை இவ்வொப்பீடு காட்டிற்று.

மூன்றாவது, உடன்பிறந்தாருடன் ஒப்பிடுவது. 2011இல் வெளிவந்த ஆய்வில் பிழைத்தோர் 1065 பேரும் உடன்பிறந்தார் 309 பேரும் ஒப்பிடப்பட்டனர். மனநலப் பாதிப்பு முன்னவரிடம் 22 விழுக்காடாகவும் பின்னவரிடம் 8 விழுக்காடாகவும் இருந்தது. மனச்சோர்விலும் பதற்றத்திலும் பெரிய வேறுபாடு இல்லை; உடல்வழி வெளிப்படும் துயரிலேயே வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

நான்காவது, வாழ்க்கைத்துணையுடன் ஒப்பிடுவது. 2007இல் மிச்செல் பிஷப் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, துணைவரின் மனச்சோர்வு பிழைத்தவருடையதற்கு ஒப்பாக இருந்ததையும், அவர்கள் மனநலச் சிகிச்சை பெறுவது குறைவாக இருந்ததையும், தனிமையுணர்வு மிகுந்திருந்ததையும் எடுத்துக்காட்டியது. நோயுறாத ஒருவரும் இச்சிகிச்சையின் விளைவைச் சுமக்கிறார் என்பது இதனால் அறியப்படுகிறது.

தமிழ்ச் சூழலுக்கான வினாக்கள்

இந்தியாவில் இச்சிகிச்சை 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கிற்று. மேற்கண்ட ஒப்பீடுகளை இங்கு அப்படியே பொருத்துவதில் இரு இடர்ப்பாடுகள் உள்ளன. உடன்பிறந்தவரே கொடையாளராக அமையும் குடும்பத்தில் அவரை நடுநிலையான ஒப்பீட்டாளராகக் கொள்ள இயலாது. கொடுத்த மஜ்ஜை பலித்ததா என்னும் கவலை அவருக்கும் உண்டு. மேலும், மனத்துயரை 'உடம்பு அசதி', 'நெஞ்சு படபடப்பு' எனச் சொல்வது தமிழ் வழக்கு. ஆங்கில வினாப்படிவத்தைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால், இத்தொடர்கள் வெறும் உடல்நோய்க் குறிகளாகவே எண்ணப்படும். மருந்தின் பின்விளைவுக்கும் மனத்துயருக்கும் உள்ள வேறுபாடும் மறையும். ஆதலின் வினாப்படிவ ஆக்கத்தில் மருத்துவருடன் மொழியியலாரும் பங்கேற்பது இன்றியமையாதது.

முடிவுரை

2012இல் வெளிவந்த பன்னாட்டுப் பரிந்துரைகள், பிழைத்தோரின் மனநலத்தைக் குறித்த கால இடைவெளிகளில் ஆராய வேண்டும் என்றன. துணைவரையும் பராமரிப்போரையும் கருத்தில் கொள்ள வலியுறுத்தின. உயிரை எண்ணத் தொடங்கிய மருத்துவம் வாழ்வை வினவும் நிலைக்கு வந்தமையை இது உணர்த்துகிறது. எனினும் எவரை வினவுகிறோம், எவருடன் ஒப்பிடுகிறோம், எம்மொழியில் கேட்கிறோம் என்பனவே எத்துயர் கண்ணுக்குப் புலனாகும் என்பதை முடிவு செய்கின்றன. பிழைத்தவரின் உடன்பிறந்தாரையும் துணைவரையும் அவர்தம் சொற்களிலேயே வினவும் ஆய்வுகள் தமிழில் பெருக வேண்டும்.