ஊரை இழந்த ஓர் அணி



பேஸ்போல் விளையாட்டில் பெரிய லீக்குகளுக்கு ஒரு படி கீழே உள்ளது இன்ரநஷனல் லீக். 1967 வரை எங்கள் ரொறன்ரோவுக்கும் அதில் ஓர் அணி இருந்தது. 1954இல் கியூபாவிலிருந்து ஹவானா சுகர் கிங்ஸ் வந்து சேர்ந்தது.

1959 ஜூலையில், புரட்சி விழா இரவில், கொண்டாட்டத்தில் சுட்ட குண்டுகள் மைதானத்துக்குள் விழுந்தன, இருவர்மீது பட்டன. ஆனாலும் அவ்வருடமே சுகர் கிங்ஸ், மினியாபொலிஸ் அணியை 4–3 என வென்று ஜூனியர் உலகத் தொடரைக் கைப்பற்றியது.

1960 ஜூலையில் அமெரிக்க – கியூபா உறவு முறுகியபோது, போட்டிகள் பாதியில் இருக்கையிலேயே, அணி நியூஜேர்சி மாநிலத்தின் ஜேர்சி சிற்றிக்கு மாற்றப்பட்டது. 1961இல் கியூபா தொழில்முறை ஆட்டத்தையே ஒழித்தது. ஆடிப் பிழைக்க விரும்பிய கியூப வீரர்கள் ஊரை விட்டே இருக்க வேண்டியதாயிற்று. அணியும் ஜேர்சி சிற்றியில் நிலைக்கவில்லை. 1962இல் ஜாக்சன்வில்லுக்குப் போனது.

கணக்காளனான என் கண்ணில் பட்டது ஒன்று. 1960இன் பட்டியலில் அவர்கள் பூச்சியத்திலிருந்து தொடங்கவில்லை. ஹவானாவின் வெற்றி தோல்விகள், முன்கொண்டுவந்த மீதியாக, ஜேர்சி சிற்றியின் கணக்கில் ஏறின.

நாங்கள் வந்திறங்கியபோது, ஊரில் பெற்ற பட்டமும் அனுபவமும் இங்கே பூச்சியமாகத்தானே எழுதப்பட்டன?