‘அப்பா ஏன் இப்படிப் பேசுறார்?’ - இதய வால்வு ஆபரேஷனுக்குப் பின் வரும் டெலிரியம்... குடும்பம் என்ன செய்யலாம்?

“இவங்கல்லாம் சேர்ந்து என்னைக் கடத்திட்டு வந்துட்டாங்கடா. வா, பீச்சுக்குப் போயிடலாம்!”

வால்வு மாற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த இரண்டாம் நாள், ஐ.சி.யூ-வில் உங்கள் அப்பா இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? கையில் ஏறும் டிரிப்ஸைப் பிடுங்குகிறார். உங்களைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ‘மனுஷனுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சே’ என்று வெளியே அம்மா அழுகிறார்.

பதறாதீங்க. இதற்குப் பெயர் ‘டெலிரியம்’. உடலுக்கு நேர்ந்த பெரிய அதிர்ச்சியில் மூளை கொஞ்ச நாள் தடுமாறும் நிலை. இது பைத்தியமும் இல்லை, மறதி நோயும் இல்லை. அதேசமயம், ‘தானா சரியாயிடும்’ என்று விட்டுவிடவும் கூடாது.

யாருக்கு வரும்?

புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூரிலிருந்தும் இதய நோயாளிகள் வருகிறார்கள். சிறுவயதில் வந்த தொண்டைத் தொற்று, ருமாட்டிக் காய்ச்சலாகி வால்வைக் கெடுப்பது நம் நாட்டில் இன்னும் சகஜம். அதனால் நடுத்தர வயதுக்காரர்களுக்கும் வால்வு மாற்ற வேண்டியிருக்கிறது. ஆனால், டெலிரியம் அதிகம் தாக்குவது முதியவர்களைத்தான்.

2012-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட ஆய்வில், பைபாஸ் அல்லது வால்வு ஆபரேஷன் செய்துகொண்ட, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 225 பேரில் 103 பேருக்கு டெலிரியம் வந்திருந்தது. ஆறு மாதம் கழித்தும் பழைய நினைவுத்திறனுக்குத் திரும்பாதவர்கள் இவர்களில்தான் அதிகம்.

நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியே வால்வு பொருத்தும் ‘டாவி’ முறையில் இந்த ஆபத்து குறைவு. ஆனால், அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

ஏன் வருகிறது?

காரணம் ஒன்றல்ல. மயக்க மருந்து, இதய-நுரையீரல் இயந்திரம், வலி, காய்ச்சல், சோடியம் குறைவது, சில தூக்க மருந்துகள், பகல் இரவு தெரியாத ஐ.சி.யூ வெளிச்சம்... எல்லாம் சேர்ந்துகொள்ளும். இரவில் குழப்பம் கூடும். காலையில் தெளிந்ததுபோல இருக்கும்.

கத்துபவரை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் சுவரையே பார்த்துக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் படுத்திருப்பதும் டெலிரியம்தான். ‘பாவம், அசதி’ என்று அதைத்தான் தவறவிடுகிறோம்.

மறைக்காதீங்க!

அப்பாவுக்குத் தினமும் குடிக்கும் பழக்கம் இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திடீரென்று குடியை நிறுத்திய இரண்டு, மூன்று நாளில் வரும் டெலிரியம் உயிருக்கே ஆபத்து. அதற்கான சிகிச்சையும் வேறு. மானம் போகுமே என்று மறைத்தால், சிகிச்சை தாமதமாகும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல்செட்டை நர்ஸிடம் கேட்டு மாட்டிவிடுங்கள்.

* “அப்பா, இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. நாம கோரிமேட்டுல இருக்கோம். ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு” என்று நிதானமாகச் சொல்லுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும்!

* அவர் சொல்வதை மறுத்து வாதாட வேண்டாம். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

* பகலில் பேச்சு, டாக்டர் அனுமதித்தால் நடை. இரவில் போனை ஓரமாக வைத்துவிட்டுத் தூங்கவிடுங்கள்.

* ‘வழக்கமா இவர் இப்படி இல்லை’ என்று நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். அவரின் இயல்பு உங்களுக்குத்தானே தெரியும்?

வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் துவள்வது, பேச்சு குழறுவது தெரிந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு...

உலோக வால்வு பொருத்தியவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ‘வார்ஃபரின்’ மாத்திரையைத் தினமும் போட வேண்டும். குழப்பத்தில் ஒரே நாளில் இரண்டு முறை போட்டால் ரத்தக்கசிவு ஏற்படலாம். போட மறந்தால் வால்வில் ரத்தம் உறையலாம். கொஞ்ச நாளைக்கு மாத்திரை டப்பா உங்கள் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. ஐ.சி.யூ-வில் பேசியது பலருக்கு அரைகுறையாக நினைவிருக்கும். வெட்கப்படுவார்கள். அதை வைத்துக் கேலி செய்யாதீர்கள். “அது ஆபரேஷனால வந்ததுப்பா, சரியாயிட்டு வருது” என்று சொல்லுங்கள். டாக்டர் ஓகே சொன்னதும், அவர் கேட்ட அந்தப் பீச்சுக்கு ஒரு சாயங்காலம் கூட்டிக்கொண்டு போங்கள்.