மலையேறிய கண்ணாடித் தகடுகள்

இன்று பயணஞ் செல்வோர் நொடிப்பொழுதிற் படம் பிடித்து மீள்கின்றனர். முற்காலத்திலோ ஒரு மலைக்காட்சியைப் படமாக்குதல் படையெடுப்பையே ஒத்திருந்தது. 1863 ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் போர்ண் என்னும் ஆங்கிலேயரின் இமயப் பயணங்கள் இதற்குச் சான்றாகும்.

அக்காலத்திற் கண்ணாடித் தகட்டிலே கொலோடியன் என்னும் கரைசலைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் பிடித்து, அவ்விடத்திலேயே இருட்கூடாரத்தினுள் துலக்குதல் வேண்டும். ஆகவே தகடுகளும் இரசாயனங்களும் கூடாரமும் உடன் மலையேறின. அவற்றைச் சுமந்தோர் மலைநாட்டுக் கூலியாட்கள்.

1866 ஆம் ஆண்டில், மழை அரிதான ஸ்பிட்டிக் குளிர்ப்பாலையைக் கடந்த போர்ண், ஏறத்தாழ 18,600 அடி உயரமான மணிரங் கணவாயிற் படம் பிடித்தார். பல்லாண்டுகளாக அவ்வுயரத்தை எவரும் விஞ்சவில்லை. பின்னர், பனிப்பாறையினின்று கங்கை வெளிப்படும் கோமுகத்தையும் அவர் படமாக்கினார்.

இச்சாதனைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. சுமையை விட்டு ஓடி ஒளிந்த கூலியாட்களைத் தேடிப் பிடித்துத் தடியால் அடித்ததை, ஆங்கில ஒளிப்பட இதழொன்றிற் போர்ண் தாமே எழுதினார். தகடுகளிற் பொறிக்கப்பட்டது அவர் பெயர். அவற்றைச் சுமந்தோரின் பெயர் அவற்றில் இல்லை. அப்படங்களைக் காண்போர் மலையின் மாட்சியோடு அத்தோள்களையும் நினைத்தல் தகும்.